முன்பாரம்

அப்பா டிரெய்லரின் உள்சுவரை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். கதவருகில் தொடங்கி மூக்குவரை. டொம், டொம், டொக். டொக்கென்று கேட்ட இடத்தில் நின்று, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சின்னதாக ஒரு கோடு போட்டார். மறுபடி டொம், டொம், டொக். மறுபடி ஒரு கோடு. இன்னும் காசு கொடுக்காத சரக்கு. விற்பனையாளர் என்னைப் பார்த்தார், நான் என் கையிலிருந்த டேப்பைப் பார்த்துக்கொண்டேன்.

“கால் எல்லாம் ரெண்டடிக்கு ஒண்ணு நிக்குது. பதினாறு அங்குலம்னு சொன்னான்னியே?”

கேட்டேன். தரைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டங்கள்தான் பதினாறு அங்குல இடைவெளியாம், சுவரில் இருபத்து நான்காம். விளம்பரத் தாளில் 16 என்பது கொட்டை எழுத்தில் இருந்தது, எதற்கு என்பது மட்டும் இல்லை. நான் அந்தத் தாளை மூன்று வாரமாக ஒரு எக்செல் கோப்பில் ஏற்றி, வரிசைக்கு வரிசை ஒப்பிட்டு, நிறம் தீட்டி வைத்திருந்தேன்.

இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் ஊர் அது. டெட்ராய்ட் பக்கத்தில் நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து மூன்று மணி நேரம். ஊருக்குள் நுழையும்போதே பட்டறை பட்டறையாக வரும். படுக்கையும் அடுப்பும் வைத்த ஆர்.வி. வண்டிகள், சரக்கு டிரெய்லர்கள், குதிரை ஏற்றும் டிரெய்லர்கள். உலகின் ஆர்.வி. தலைநகரம் என்று அதற்குப் பெயர். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், “இது நம்மூராட்டவே இருக்குது” என்றார். நம்மூர் என்பது நாமக்கல். முப்பத்தெட்டு வருஷம் அங்கே லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் மரவேலை பார்த்தவர். சேசிஸ் மட்டும் வெறும் எலும்பாக வந்து நிற்கும் லாரிக்குக் கேபினும் பின்கட்டும் கட்டி அனுப்புகிற ஊர். அவர் கட்டிய பாடிகள் எந்தெந்த மாநிலத்தில் ஓடுகின்றன என்று அவருக்கே தெரியாது.

நானும் வண்டித் தொழிலில்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கார் கம்பெனி ஒன்றுக்குக் கதவுக் கீல்கள் வரைகிறேன், திரையில். கையில் ஸ்க்ரூ முடுக்கினால் பாதியில் கோணிக்கொள்ளும். சின்ன வயதில் பட்டறைக்குள் போனால் அப்பா துரத்துவார். “சுத்தியலத் தொட்டீனா கைய ஒடிச்சுப்போடுவன். போய்ப் படி.” அவருடைய இடது ஆள்காட்டி விரலில் மேல்கணு கிடையாது, ரம்பத்துக்குப் போனது. அதைக் காட்டித்தான் சொல்வார். நான் தொடவில்லை. படித்தேன். பள்ளியில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் ‘ஆட்டோமொபைல்’ என்று சொல்லும் அளவுக்குப் படித்தேன்.

எதற்கு டிரெய்லர் என்று சொல்லவேண்டும். என் மகள் படகுப் பந்தயம் ஓட்டுகிறாள்.

டெட்ராய்ட் கார் ஊர் என்று உலகத்துக்கே தெரியும், படகு ஊரும்கூட என்பது இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது. கார் விட்ஸ் என்கிற ஆள் — மன்னிக்கவும், கார் வுட். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது — 1932இல் இங்கே செயின்ட் கிளேர் ஆற்றில் ‘மிஸ் அமெரிக்கா X’ என்ற படகை மணிக்கு 124 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். டெட்ராய்ட் ஆற்றில் ஹைட்ரோபிளேன்கள் ஓடியதுண்டு. பின்னால் தண்ணீர் சேவல் வால்போல எழுந்து நிற்கும். அலுவலக நண்பர் ஒருவர், அறுபது தாண்டியவர், சின்னப் படகு வகுப்புகளில் இன்னும் ஓட்டுகிறார். அவர்தான் எங்களைக் கூட்டிப்போனார். அமெரிக்கப் பந்தயச் சங்கத்தில் ஒன்பது வயதிலிருந்தே பிள்ளைகள் ஓட்ட ஒரு வகுப்பு உண்டு, ஜே வகுப்பு. எஞ்ஜினுக்குள் காற்று போகும் வழியில் துளையிட்ட தகடு ஒன்றை வைத்து மூச்சைக் குறைத்திருப்பார்கள். அப்படியும் மணிக்கு 40 மைல் அளவில் போகும். தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு 40 என்பது என்ன என்று நான் ஒரே ஒரு முறை நண்பரின் படகில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.

மகளுக்கு இரண்டு படகுகள். ஒன்று ஹைட்ரோ. மெல்லிய மரைன் ப்ளைவுட்டில் செய்தது, முன்னால் இருபக்கமும் இரண்டு கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு நுனியும் பின்னால் சுழலும் ப்ரொப்பெல்லரும் மட்டும்தான் வேகத்தில் தண்ணீரைத் தொடும், நடுவில் காற்று. இன்னொன்று ரன்னபவுட். சாதாரணப் படகு வடிவம், ஒடுக்கம், கொஞ்சம் கனம். இரண்டையும் ஒரு வருஷம் திறந்த டிரெய்லரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஊர் ஊராக இழுத்தோம். மழை, சரளைக்கல், வசந்தத்தின் தொடக்கத்தில் சாலையில் மிச்சமிருக்கும் பனிக்கால உப்பு. ஹைட்ரோவின் அடிப்பாகத்தில் ஒரு மயிரிழை மேடு பள்ளம் இருந்தாலும் ஓட்டம் மாறும், அதில் கல்லடி பட்டால் என்ன ஆகும்? மோட்டலில் தூங்கும்போது இரவில் இரண்டு தடவை எழுந்து போய் எஞ்ஜின் இருக்கிறதா என்று பார்ப்பேன். மூடிய டிரெய்லர் என்பது சொகுசுக்காக இல்லை. அல்லது, மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன்.

நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது ஏழடி அகல டிரெய்லர். ஏழடிப் பெட்டியில் சக்கரங்கள் வெளியே நிற்கும், உள்ளே சுவரோடு சுவர் தரை சமமாக இருக்கும். எட்டரை அடிப் பெட்டி — சாலையில் அதுதான் அனுமதிக்கப்பட்ட முழு அகலம், 102 அங்குலம் — வாங்கினால் சக்கரத்தின் மேல்பெட்டி இரண்டு பக்கமும் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும், காற்று எதிர்ப்பும் அதிகம், பெட்ரோலும் அதிகம். எங்கள் ஹைட்ரோ ஆறடி நாலு அங்குலம். ஏழடிப் பெட்டியின் உள்ளகலம் ஆறடி எட்டு. பக்கத்துக்கு இரண்டு அங்குலம் மிச்சம். எக்செல்லில் அந்தக் கட்டத்துக்குப் பச்சை தீட்டியிருந்தேன்.

அப்பா டேப்பை வாங்கி வாசலில் பிடித்தார். “ஆறடி மூணு.”

பின்கதவின் சட்டம் இரண்டு பக்கமும் உள்ளே வருகிறது. பெட்டிக்குள் பிடிக்கும் படகு வாசலில் நுழையாது. ஒரு அங்குலம்.

“வூட்டுக்குள்ளார கட்டல செஞ்சுபோட்டு வெளிய எடுக்க முடியாம நின்ன கதையாட்ட ஆயிருக்கும்” என்றார். சிரிக்கவில்லை. நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசியில் எடுத்தது எட்டரைக்கு இருபது. இரண்டு அச்சு, ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும், நான்கு சக்கரத்திலும் மின்பிரேக். மொத்த எடை 7,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. சுவரில் கால்கள் பதினாறு அங்குலத்துக்கு ஒன்று, அப்பா தட்டிப் பார்த்த பிறகு. கூரை ஒட்டில்லாத ஒரே அலுமினியத் தகடு. கூரையில் ஒட்டு இருந்தால் இரண்டு குளிர்காலத்தில் ஒழுகும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பின்கதவு கீழே சாய்ந்து சரிவுப் பாதையாக மாறுவது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் டாலர். நல்லவேளை, அவர் பெருக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதை வீட்டு முகப்பில் நிறுத்தி உள்வேலை. மூன்றாம் நாளே குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம், டிரெய்லரை 48 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று. அதனால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தெருமுனைவரை ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவேன். எதிர்வீட்டுக் கிழவர் ஒவ்வொரு தடவையும் கையாட்டுவார்.

அப்பாவுக்கு இங்கே ஒரே சந்தோஷம், அளவு. என் வேலை முழுக்க மில்லிமீட்டர். ஆனால் மரக்கடையிலும் டேப்பிலும் அமெரிக்கா இன்னும் அடி அங்குலம்தான். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு, அவருடைய கணக்கில் ஒரு நூல். “இவனுகளும் நூல்லதான் பேசறானுக” என்றார். கடையில் நான் ‘ஃபைவ் எய்ட்ஸ்’ என்று கேட்டு வாங்கியதை அவர் ‘அஞ்சு நூல்’ என்று பலகையில் எழுதிக்கொள்வார். எனக்குத் தெரியாத ஒரு மொழியில் இருவரும், அவரும் அந்தக் கடையும், பேசிக்கொள்வது மாதிரி இருந்தது.

ரன்னபவுட் கீழே, ஹைட்ரோ மேலே என்று முடிவானது. கனம் கீழே இருக்கவேண்டும் என்பது ஒரு காரணம். அகலமான ஹைட்ரோவைத் தரையில் வைத்தால் பக்கத்தில் நடக்க வழியிருக்காது என்பது இன்னொன்று. நான் இரும்புக் குழாய்ச் சட்டம் வாங்கலாம் என்றேன். மரமே போதும் என்றார். சுவர்க்கால்களில் போல்ட்டு போட்டு நிறுத்திய தூண்கள், குறுக்கே இரண்டு தாங்கிகள், தாங்கியின் மேல் பழைய கம்பளம். படகின் உள்ளே குறுக்குச் சட்டம் ஓடும் இடத்துக்கு நேர்கீழே தாங்கி வரவேண்டும், இல்லையென்றால் நாலு மணி நேர அதிர்ச்சியில் ப்ளைவுட் வயிறு வாங்கிவிடும். அதற்காகப் படகையே தட்டிப் பார்த்துக் கோடு போட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தட்டினாள். “அப்பாரு, இது டொக்.” அவரை அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள், அதையாவது விடாமல் வைத்திருக்கிறோம்.

“டொக்குத்தான் அம்மிணி. இன்னொருக்காத் தட்டு.”

இரண்டு பேராக மேலே ஏற்றுவதற்குச் சரிவாக மாட்டும் இரண்டு மரத் தண்டவாளம், அதில் உருளைகள், முன்சுவரில் கையால் சுற்றும் வின்ச். தரையிலும் சுவரிலும் வரிசையாகத் துளையிட்ட இரும்புப் பட்டை, எங்கே வேண்டுமானாலும் வார் மாட்டிக்கொள்ளலாம். மூக்குப் பகுதியில் ப்ரொப்பெல்லர் பெட்டி, ஹெல்மெட்டுக்கு ஒரு கொக்கி, அவள் உடைமாற்ற ஒரு பெஞ்சு. பெட்ரோல் கேன் உள்ளே வரவே கூடாது என்று நண்பர் எச்சரித்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படுத்துக் கிடக்கும், கூரையில் காற்றுத்துளை வைத்தால் மட்டும் போகாது. கேன்கள் பிக்கப்பின் திறந்த பின்தொட்டியில். ஆனால் எஞ்ஜினில் மிஞ்சிய துளிகள் உள்ளேதானே இருக்கும். அதனால் சுவரின் அடியிலும் இரண்டு துளை போட்டோம். புது டிரெய்லரில் ஓட்டை போட எனக்குக் கை வரவில்லை. அப்பா போட்டார். பலகையைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. நாற்பத்து நாலு வயதில் முதல்முறையாக அவர் பட்டறைக்குள் என்னை விட்டிருக்கிறார் என்று தோன்றியது. “நேராப் பிடி” என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூன் முதல் வாரம் முதல் பந்தயம். பக்கத்து ஊர்தான். போகும்போது நன்றாகப் போனது. திரும்பும்போது களைப்பு, இருட்டப்போகிறது, மழை தூறல். எஞ்ஜின்களையும் கருவிப்பெட்டியையும் முன்னால்வரை சுமக்கச் சோம்பல்பட்டுப் பின்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்து வாரால் இறுக்கினேன். அப்பா அப்போது மகளுக்கு ஈரத்துணி மாற்றிக்கொடுக்கக் கழிப்பறை தேடிப் போயிருந்தார்.

ஐ-94 நெடுஞ்சாலை. லேசான இறக்கம். 65 மைலில் போய்க்கொண்டிருக்கிறேன். பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று இடப்பக்கம் கடந்தது. அதன் முன்காற்று டிரெய்லரை வலப்பக்கம் தள்ளியது, லாரி தாண்டியதும் இழுத்தது. வழக்கமாக அது ஒரு அசைவோடு நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. கண்ணாடியில் வெள்ளைப் பெட்டி இடப்பக்கம் தெரிந்தது, பிறகு வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் இன்னும் அதிகமாக. ஸ்டீயரிங் என் கையில் இருந்தது, ஆனால் வண்டியை நான் ஓட்டவில்லை. பிக்கப்பின் பின்பாகத்தைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். செய்யக்கூடாத இரண்டையும் செய்தேன். எதிர்ப்பக்கம் திருப்பினேன், பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் கூடியது. மகள் பின்சீட்டில் சத்தமே போடவில்லை. அப்பா பக்கவாட்டுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, “கால எடு” என்றார். கத்தவில்லை. “கால எடு கண்ணு.”

எடுத்தேன். அப்போதுதான் டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த சின்னப் பெட்டி ஞாபகம் வந்தது. டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் பிடிக்கும் நெம்புகோல் அதில் இருக்கும். அழுத்தினேன். பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்தாற்போல டிரெய்லர் நேராக நீண்டது. நாற்பதுக்கு இறங்கி, சாலையோரம் ஒதுங்கி நிறுத்தினேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.

அப்பா இறங்கிப் பின்கதவைப் பாதி திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். திரும்பி வந்து ஜன்னலருகே நின்றார்.

“பின்பாரம்.”

எனக்கு அந்தச் சொல் தெரியும். மாட்டுவண்டிக்குச் சொல்வது. தாத்தா வண்டி ஓட்டிய காலத்தில் காதில் விழுந்தது. மூட்டை பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். ஏற்றுகிறவன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துத்தான் வண்டி பூட்டுவான். முன்பாரம் கொஞ்சம் இருக்கவேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பது கைக்குத் தெரியும். என் எக்செல்லிலும் அது இருந்தது, டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு கொக்கியின்மேல் உட்காரவேண்டும் என்று. தனிப் பத்தி, தனி நிறம். நான் அதை இழுவண்டி தாங்குமா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தியிருந்தேன். கொக்கியின்மேல் உட்காரும் பாரம் பிக்கப்பின் சுமையில் சேரும், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய மஞ்சள் தாளில் அதன் எல்லை இருக்கும், அப்பாவின் 62 கிலோவைக்கூட அதில் கழித்திருந்தேன். குறைந்துபோனால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

மழையில் மூன்று பேரும் சாலையோரத்தில் எஞ்ஜின்களை முன்னால் நகர்த்தினோம். அடுத்த டிரக் நிறுத்தத்தில் லாரிகளை எடைபோடும் மேடை இருந்தது. டிரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் ஒரு தடவை. டிரெய்லர் 4,800 பவுண்டு. கொக்கியின்மேல் 600. பன்னிரண்டரை விழுக்காடு. நகர்த்திய சாமானின் எடையையும் தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டேன். நகர்த்துவதற்கு முன் ஏறத்தாழ 340 இருந்திருக்கும். ஏழு. நான் போனில் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏற்கெனவே கொக்கிப் பக்கம் குனிந்து, ஜாக்கி உயரும்போது பிக்கப் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்திருந்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி ஏன் லேட் என்று கேட்டாள். “டிராஃபிக்” என்றேன். அப்பா சாப்பிட உட்கார்ந்தார். மகள் மாடிக்குப் போய்விட்டாள். நாங்கள் மூவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் அது பேசி வைத்துக்கொண்டதுதான்.

ஜூலையில் அவள் கவிழ்ந்தாள். இரண்டாவது திருப்பம் முடிந்து நேர்ப்பாதை, எதிர்க்காற்று, முன்னால் போன படகின் அலை. ஹைட்ரோவின் மூக்கு மேலே எழுந்தது. அடியில் காற்று புகுந்துவிட்டால் அது படகு இல்லை, பட்டம். கரையிலிருந்து பார்த்தபோது மெதுவாக நடந்த மாதிரி இருந்தது. படகு அண்ணாந்து, பின்பக்கமாகப் புரண்டது. ஆரஞ்சு ஹெல்மெட் தனியாகத் தண்ணீரில் தெரிந்தது. மணிக்கட்டில் கட்டிய கயிறு பிடுங்கி எஞ்ஜின் நின்றிருந்தது, அது அப்படித்தான் நிற்கவேண்டும். மீட்புப் படகு போவதற்குள் அவள் கையைத் தூக்கிவிட்டாள், நான் சரியாக இருக்கிறேன் என்று. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. மனைவி என் கையைப் பிடித்திருந்த இடத்தில் நகத்தடம் நான்கு நாள் இருந்தது.

உதட்டில் ஒரு கீறல், தோளில் வலி. படகின் இடது முன்காலில் விரிசல்.

அன்றைக்கு இரவு சாப்பாட்டு மேஜையில் மனைவி கேட்டாள், ரொம்ப பயந்துட்டியா என்று. மகள் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “போட்ல பயமா இல்லம்மா. நான்தான ஓட்டறேன். அன்னிக்கு ஹைவேலதான் பயமா இருந்துச்சு.”

“எந்த ஹைவே?”

ஒருவரும் பேசவில்லை. மனைவி என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். “மாமா, நீங்களுமா?”

அப்பா கையை உதறினார். “தப்புத்தான் அம்மிணி” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். என் அப்பா எதற்காவது மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அதுதான். அதுவும் எனக்காக.

மூன்று நாள் வீடு பேச்சில்லாமல் ஓடியது. நான் டிரெய்லரை விற்றுவிடலாம் என்று விளம்பரம் எழுதினேன், போடவில்லை. அப்பா பந்தயம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. காலையில் டிரெய்லருக்குள் போய் விரிசலுக்கு எப்பாக்ஸி வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். மகள் இரண்டாம் நாள் மாலை தானாகப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. தேய்ப்புத்தாள் சத்தம்தான் கேட்டது, ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக.

நான்காம் நாள் மனைவி சொன்னாள்: “பந்தயம் ஓட்டறதும் விடறதும் அவ இஷ்டம். ஆனா ரோட்டுல அவ கையில ஒண்ணும் இல்ல. இனிமே ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு முன்னாடி எடை போட்ட சீட்ட எனக்கு போட்டோ அனுப்பணும். பொய் சொன்னீங்கன்னா நானே வண்டிய வித்துருவேன்.”

ஆகஸ்ட்டில் அந்த வருஷத்தின் கடைசிப் பயணம், மேல் தீபகற்பத்தில் ஓர் ஏரிக்கு. இங்கே எல்லாரும் அதை யு.பி. என்பார்கள். “உத்தரப்பிரதேசமா?” என்று அப்பா நிஜமாகவே கேட்டார். மனைவியும் வந்தாள். டிரக் நிறுத்தத்தில் இறங்கிச் சீட்டை அவளே வாங்கிப் படித்தாள். 590. வகுத்துப் பார்த்துவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மாக்கினா பாலம் ஐந்து மைல் நீளம், இரண்டு பெரிய ஏரிகள் சந்திக்கும் இடத்தின் மேலே. அன்றைக்குக் காற்று 35 மைலைத் தாண்டியிருந்தது. அந்தக் காற்றில் உயரமான வண்டிகளைத் தனியாக விடமாட்டார்கள், பாலத்து வண்டி ஒன்று துணைக்கு வரும், 20 மைல் வேகம்தான். நம்முடையதும் உயரமான வண்டி. திறந்த டிரெய்லராக இருந்திருந்தால் சும்மா போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. பெட்டி லேசாக ஆடியது, அடங்கியது. மறுபடி ஆடியது, அடங்கியது. உள்தடத்தில் இரும்புச் சல்லடைமேல் கார்கள் ஓடும் ரீங்காரம் கேட்டது. அப்பா பாலத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏரியில் மகள் ரன்னபவுட்டை மட்டும் ஓட்டினாள். ஏழு பேரில் ஐந்தாவது. ஹைட்ரோவை மேல்தாங்கியிலிருந்து இறக்கவேயில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருஷம் இறக்குவாளா என்றும் கேட்கவில்லை. அது அங்கேயே கட்டிப்போட்டபடி வீடு திரும்பியது, ஒரு வார்கூடத் தளரவில்லை.

அப்பா மாதக் கடைசியில் ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் என்னிடம் சொன்னது: சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைக்கவேண்டும், வீல் நட்டைக் கழற்றி மாட்டினால் ஐம்பது மைல் ஓடியபின் மறுபடி முடுக்கவேண்டும். இரண்டும் கையேட்டில் இருக்கிறது. தலையாட்டினேன்.

அக்டோபரில் டிரெய்லரைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கி நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோனோம். பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மகள் பெஞ்சின் அடியில் படுத்து டார்ச் அடித்தாள்.

“அப்பா, இங்க பென்சில்ல என்னமோ எழுதியிருக்கு.”

குனிந்து பார்த்தேன். பலகையின் அடிப்பக்கத்தில், துளை போடுவதற்கு முன் அவர் குறித்துக்கொண்டது. 1 அ 4 அங் 3 நூ.

“நூன்னா?”

சொன்னேன். அவள் டேப்பை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெஞ்சின் காலிலிருந்து சுவர்வரை நீட்டி அளந்தாள். பதினாறும் மூன்று எட்டில் ஒன்றும். ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். டொக்.